பொம்மை ரயில் கொள்ளிடம் தாண்டும்போது

(லால்குடி வட்டாரத்தில், நடுநிலை வகுப்புகளின் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு விகிதம். ஆறாம் வகுப்பில் ‘விகிதம் மற்றும் விகித சமம்’ என்று நாம் நடத்துகிற பாடம். கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக ஒரு பொம்மை ரயிலைக் கொண்டு வந்திருக்கிறேன். மூன்று பலகைகள். சேர்த்து வைத்தால் இரண்டரை மீட்டர் வரும். இடது கைப் பக்கம் ஸ்ரீரங்கம், நடுவில் கொள்ளிடம், வலது கைப் பக்கம் நம் லால்குடி ஸ்டேஷன். ரயிலும் பேருந்தும் லாரியும் சமயபுரம் திருவிழாக் கடையிலும், திருச்சி தெப்பக்குளம் பக்கத்துக் கடைகளிலும் வாங்கிய மலிவான பொம்மைகள்தான். எங்கள் பள்ளியின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தது. மலிவான பொம்மையைப் பார்ப்பவர் நம்பும்படி மாற்றுவது எப்படி என்பதுதான் இன்று என் பேச்சு. கணக்கு எங்கே நுழைகிறது என்பதைப் போகிற வழியில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

இந்த வேலை நமக்குப் புதிது இல்லை. நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே பூங்கா வைக்கும் வழக்கம் ஸ்ரீரங்கத்து வீடுகளில் உண்டு. தட்டில் மண்ணைப் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ விதைத்தால் நாலைந்து நாளில் வயல் முளைத்துவிடும். கண்ணாடித் துண்டு குளமாகும். பக்கத்தில் கோயில், செட்டியார் கடை, ஒரு ரயில். ஆனால் கொலுவில் செட்டியார் பொம்மை கோயில் கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார். ரயில் அவர் முழங்காலுக்குக் கீழே போகும். கொலுவில் அது குறையே இல்லை, பார்க்க அழகுதான். அறிவியல் கண்காட்சி மேசையில் அதே காட்சி வந்தால் அது மாதிரி ஆகாது. மாதிரி என்றால் எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் மாதிரி ரயில் என்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. அங்கே மிகவும் புழக்கத்தில் இருக்கும் அளவு 1:87. அதாவது 87 சென்டிமீட்டர் உள்ள பொருள் மாதிரியில் 1 சென்டிமீட்டர் ஆகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் இந்த அளவில் செய்ததுதான். ஊர், மலை, விமான நிலையம் எல்லாம் அதில் இருக்கின்றன. நம் நாட்டில் புனேயில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுக்க உழைத்து உருவாக்கிய மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. 1998இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சிக்னல் விழுந்தால் ரயில் நிற்கும், கேட் மூடினால் சாலையில் வண்டிகள் காத்திருக்கும். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். ஆனால் அந்தத் தரத்தில் ஒரு இஞ்சின் வாங்கவே பல ஆயிரம் ரூபாய் ஆகும். அது நமக்குக் கட்டுப்படியாகாது. எங்களிடம் இருந்தது பேட்டரியில் ஓடும், பெட்டியில் வரும் சாதாரணப் பொம்மை ரயில். வளைவும் நேருமாகப் பிளாஸ்டிக் தண்டவாளத் துண்டுகளும் அதோடு வரும். இரண்டு செட் வாங்கி நீளத்தைக் கூட்டிக்கொண்டோம்.

முதல் நாள் பிள்ளைகளிடம் ஸ்கேலைக் கொடுத்து, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்கச் சொன்னேன். பதினாறரை மில்லிமீட்டர் என்றார்கள். அதை 87ஆல் பெருக்கச் சொன்னேன். 1,435 மில்லிமீட்டரும் கொஞ்சமும் வந்தது. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் ரயிலின் பாதை அகலம். நம் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். லால்குடி வழியாக முன்பு ஓடிய மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். பொம்மைப் பெட்டிமேல் அச்சடித்திருந்த படம் நம்ம ஊர் ரயில், உள்ளே இருந்த பாதை வேறு நாட்டின் அளவு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அப்ப டீச்சர், 87ஐ மாத்திட்டா?” என்றான். நான் காத்திருந்த கேள்வி அதுதான். 1,676ஐ பதினாறரையால் வகுத்தோம். 101 சொச்சம் வந்தது. 100 என்று வைத்துக்கொண்டால் பாதை நம் பிராட் கேஜுக்கு மயிரிழையில் பொருந்திவிடுகிறது. கணக்கும் குழந்தைக் கணக்காகிவிடுகிறது. நிஜத்தில் 1 மீட்டர் என்றால் மாதிரியில் 1 சென்டிமீட்டர். மாதிரி ரயில் வல்லுநர்கள் 1:100 என்று கேட்டால் முகம் சுளிக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விகிதம் கிடையாது என்பது என் முடிவு.

இன்னொரு வசதியும் கிடைத்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர் என்றால் அடிக் கணக்கில் சரியாக 5 அடி 6 அங்குலம். நம் ஊரில் ஒரு சராசரி ஆணின் உயரம் ஏறத்தாழ அதுதான். ஆகவே பெருக்கல் வகுத்தல் எதுவும் இல்லாமலே ஒரு அளவுகோல் செய்துகொள்ளலாம். பொம்மைத் தண்டவாளத்தின் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு மனிதனை வெட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பொம்மைத் தண்டவாளமாக இருந்தாலும் சரி, அந்த அட்டை மனிதன் அந்த ரயிலுக்கேற்ற ஆள். எங்கள் பிள்ளைகள் அவருக்கு வேட்டி வரைந்து ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தார்கள். புதிதாக எது வந்தாலும் மேஸ்திரியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். அவர் கதவுக்குள் நுழைய முடியாவிட்டால் வீடு தவறு. ஆட்டோவின் கூரை அவர் தலைக்கு மேலே இருந்தால் ஆட்டோ தவறு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் அளவெடுக்கிற உற்சாகத்தில் தண்டவாளத்தில் இறங்கிவிடுவார்கள். அது உயிருக்கு ஆபத்து, சட்டப்படியும் குற்றம். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் நடைமேடையில் நின்று பார்த்ததோடு சரி. டேப்பை வைத்து அளந்தது திருச்சியில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில். அங்கே பழைய மீட்டர் கேஜ் நீராவி இஞ்சின் நிற்கிறது. அதன் பாதையை ஒரு மீட்டர் என்று தங்கள் கையாலேயே அளந்தபோது பிள்ளைகளுக்கு ‘மீட்டர் கேஜ்’ என்ற பெயர் விளங்கியது. 1928 முதல் இயங்கிவரும் பொன்மலைப் பணிமனையும் அருகில்தான். எங்கள் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போன தாத்தாக்கள் உண்டு. அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொன்னால் ஒரு வாரப் பாடம் கிடைக்கும்.

இனி வண்டிகள். பொம்மைக் கடைக்குப் போகும்போது ஸ்கேலையும் மேஸ்திரியையும் எடுத்துப் போகிறோம். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு அவரே அளந்து சொல்ல ஆரம்பித்தார். ஒரு டவுன் பஸ் 11 அல்லது 12 மீட்டர் நீளம். ஆகவே 12 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பொம்மை பஸ்தான் நமக்கு வேண்டும். அது கிடைக்கிறது. சரக்கு லாரிக்கு 8 சென்டிமீட்டர். அதுவும் கிடைக்கிறது. அம்பாசடர் கார் 4.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் சிறிய கார்கள்கூட 7 சென்டிமீட்டர். வாங்கி வைத்தால் கார் லாரி நீளத்துக்கு நிற்கும். ஆட்டோ நிஜத்தில் 2.6 மீட்டர். கடையில் கிடைத்த மிகச் சிறிய ஆட்டோ 6 சென்டிமீட்டர். மேஸ்திரி அதன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “டீச்சர், இந்த ஆட்டோ ரயிலை முழுங்கிடும்” என்றாள் ஒரு பெண்.

இதற்கு வழி என்ன? பஸ்ஸும் லாரியும் வாங்கலாம். காரையும் ஆட்டோவையும் செய்துகொள்ள வேண்டும். பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றை 2.6 சென்டிமீட்டருக்கு வெட்டி, முன்பக்கத்தைச் சரித்து, மஞ்சள் தாள் ஒட்டி, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கூரையும் திறந்த பக்கமும் வரைந்தால் ஒரு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ஆட்டோதான். ஒரு ரப்பரில் ஒரு ஆட்டோ. வாங்கி வைத்த பெரிய ஆட்டோவையும் வீணாக்கவில்லை. பலகையின் முன்விளிம்பில், பார்ப்பவரின் கண்ணுக்கு மிக அருகில் நிறுத்தினோம். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பது நம் கண்ணின் இயல்பு. ஆனால் ரயிலை ஒட்டி மட்டும் அதை வைக்கக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பொய் உடனே தெரிந்துவிடும்.

அளவு சரியான பிறகும் பஸ் பொம்மையாகவே தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். “பளபளன்னு இருக்கு டீச்சர்.” அதுதான் விஷயம். மலிவுப் பொம்மையைக் காட்டிக்கொடுப்பது அதன் பளபளப்பு. நிஜ பஸ்ஸிலும் பளபளப்பு உண்டு, ஆனால் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிய வண்டியில் அந்தப் பளபளப்பும் சுருங்க வேண்டும் அல்லவா? ஆகவே முதலில் பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்கிறோம். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போக வேண்டும், இல்லாவிட்டால் எந்த வண்ணமும் ஒட்டாது. பிறகு மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கிறோம். அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். போஸ்டர் கலர் பிளாஸ்டிக்கில் தனியாக நிற்காது, உரிந்து வரும். கலரில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் நிற்கிறது.

அடுத்தது புழுதி. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்கு நாட்கள் பஸ் நிறுத்தத்தில் நின்று, எந்த இடத்தில் எவ்வளவு அழுக்கு என்று நோட்டில் வரைந்து வரச் சொன்னேன். வந்த படங்கள் எனக்கே வியப்பாக இருந்தன. பஸ்ஸின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் அழுக்கு அதிகம். பின்கண்ணாடி முழுக்கப் படிந்திருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் விசிறி போலச் சேறு. படிக்கட்டுக் கம்பியில் மட்டும் அழுக்கே இல்லை, நாள் முழுக்க கைகள் துடைத்துக்கொண்டே இருக்கின்றன. பின்பக்கம் ஏன் அதிகம் என்பது ஒரு நல்ல அறிவியல் கேள்வி. வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று சுழன்று அங்கே வந்து நிரம்புகிறது, புழுதியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அப்படிப் பார்த்ததை அப்படியே பொம்மையில் செய்தோம். காவிப் பொடியை நிறையத் தண்ணீரில் கரைத்துப் பூசி, உடனே பழைய துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட வேண்டும். இடுக்குகளில் மட்டும் நிறம் தங்கும். காய்ந்த பிறகு செங்கல் தூளைச் சிறு தூரிகையால் சக்கரத்துக்குப் பின்னால் தடவுவோம். முன்கண்ணாடி மேலே ‘லால்குடி – சத்திரம்’ என்று பொடி எழுத்தில் அச்சடித்த தாளை ஒட்டினோம். அந்தத் தாளுக்குப் பிறகு யாரும் அதைப் பொம்மை என்று சொல்லவில்லை.

ரயில் பெட்டியின் அழுக்கு வேறு மாதிரி. பிரேக் போடும்போது சக்கரத்திலிருந்து உரசி வரும் இரும்புத்தூள் பறந்து படிந்து துருவாகிறது. ஆகவே பெட்டியின் அடிப்பாகம் எல்லாம் ஒரே பழுப்பு. மேலே நீலமோ சிவப்போ இருக்கும், கீழே எல்லா ரயிலும் ஒரே நிறம். பொம்மையின் சக்கரப் பகுதி கன்னங்கரேல் என்று இருக்கும். அதன்மேல் காவியும் கொஞ்சம் கறுப்பும் கலந்து பூசினால் போதும், பாதி வேலை முடிந்தது. பெட்டியின் நீளத்தில் நான் சமரசம் செய்துகொண்டேன். நம் நீலப் பெட்டி, அதாவது ஐ.சி.எஃப். பெட்டி, 21.3 மீட்டர். மாதிரியில் 21.3 சென்டிமீட்டர் வர வேண்டும். பொம்மைப் பெட்டி அதைவிட நிறையக் குட்டை. நீளமாக இருந்தால் பொம்மைத் தண்டவாளத்தின் குறுகிய வளைவில் திரும்பாது, ஓரத்தில் இடிக்கும். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு குட்டையாக இருப்பதால் கண் அதை மன்னித்துவிடுகிறது. பெட்டிகள் எடை குறைவாக இருந்து அடிக்கடி தடம்புரண்டன. பெட்டிக்குள் தரையோடு சேர்த்து இரும்பு வாஷர்களை ஒட்டினோம். கூரையில் ஒட்டினால் என்ன ஆகும் என்று ஒரு பெட்டியில் செய்து பார்த்தார்கள், முதல் வளைவிலேயே கவிழ்ந்தது. ஈர்ப்பு மையத்துக்கு இதைவிட நல்ல சோதனை வேண்டாம்.

தண்டவாளத்தில் ஒரு தந்தை உதவினார். அவர் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பணியாளர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், பலகையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “கட்டை ரொம்ப எட்ட எட்ட இருக்கே டீச்சர்” என்றார். நிஜப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 சிமெண்ட் கட்டைகள் இருக்குமாம். வகுத்துப் பாருங்கள், 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. மாதிரியில் 6 மில்லிமீட்டருக்கு ஒன்று. பொம்மைத் தண்டவாளத்தில் பாதிகூட இல்லை. அன்று மாலையே பிள்ளைகள் அட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இடையிடையே சொருகினார்கள். ஒரு கட்டையின் நீளம் 2.75 மீட்டர், ஆகவே 2.75 சென்டிமீட்டர். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப்பழுப்பு, மேல்பரப்பு மட்டும் பளபளப்பு. சக்கரம் படுகிற இடம்தானே பளபளக்கும்? அந்த மகன் எட்டாம் வகுப்பு. வகுப்பில் பெரும்பாலும் வாய் திறக்காத பிள்ளை. அன்றிலிருந்து அவன்தான் எங்கள் பாதை இன்ஜினியர். அப்பாவிடம் ராத்திரி கேட்டு, காலையில் வந்து சொல்வான்.

ஜல்லிக்கும் கணக்கு உண்டு. பாதையில் கொட்டுகிற கருங்கல் ஜல்லி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் என்றால் மாதிரியில் அரை மில்லிமீட்டர். ரவை அளவு. ஆனால் ரவையைப் பயன்படுத்தாதீர்கள், இரண்டே நாளில் எறும்பு சாரை சாரையாக வந்து பாதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எம்.சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை மறுபடி துணியில் சலித்து, துணியில் தங்கியதை எடுத்துக்கொண்டோம். ஃபெவிகாலும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்து, சொட்டு சொட்டாக விட வேண்டும். வெறும் ஃபெவிகால் தண்ணீர் ஜல்லிமேல் முத்து முத்தாக நின்றுகொண்டு உள்ளே இறங்காது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்தால் சட்டென்று இறங்கிவிடும். பரப்பு இழுவிசை என்று எட்டாம் வகுப்பில் நாம் படம் போட்டு நடத்துவது இதுதான்.

இப்போது கொள்ளிடம். பிள்ளைகளிடம் ஆறு வரையச் சொன்னால் நீல நிறத்தை எடுப்பார்கள். ஒரு சனிக்கிழமை பாசஞ்சர் ரயிலில் லால்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை அழைத்துப் போனேன். வாளாடி தாண்டி, உத்தமர்கோயில் தாண்டி, பாலத்தில் ரயில் ஏறியதும் எல்லோரும் ஜன்னலில். கீழே நீலமே இல்லை. மணல், மணல், நடுவே வாய்க்கால் மாதிரி இரண்டு மூன்று கீற்றாகத் தண்ணீர், ஓரமெல்லாம் நாணல். தண்ணீரும் பழுப்புப் பச்சை. திரும்பி வந்து நீலத்தைச் சுரண்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னொரு சிக்கல். ஆற்று மணலையே கொண்டுவந்து கொட்டினால் நிஜமாக இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. அரை மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் 5 சென்டிமீட்டர் கல்லாகிவிடும். மணலைக் காட்ட மணல் உதவாது! வேட்டித் துணியில் சலித்த தூளைத்தான் பரப்பினோம். நாணலுக்குப் பழைய பெயிண்ட் பிரஷ் மயிர். தண்ணீருக்கு, பழுப்புப் பச்சை பூசி, அதன்மேல் ஃபெவிகாலை மெல்லிய படலமாக நாலைந்து முறை ஊற்றிக் காய வைத்தது. ஒரே தடவையில் தடிமனாக ஊற்றினால் வெள்ளையாகவே நின்றுவிடும்.

மரங்களில்தான் எல்லா மாதிரிகளும் தோற்கின்றன என்று நினைக்கிறேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரங்களும், பிள்ளைகள் செய்யும் மரங்களும் எப்போதும் குட்டை. நன்றாக வளர்ந்த தென்னை 20 மீட்டர் போகும். மாதிரியில் 20 சென்டிமீட்டர், ஒரு ஸ்கேலின் மூன்றில் இரண்டு பங்கு. அதைப் பக்கத்தில் வைத்ததும் ரயில் அடங்கி, தன் அளவுக்கு வந்துவிடுகிறது. தண்டுக்குத் துடைப்பத்து ஈர்க்கின் தடித்த அடிப்பகுதி. தென்னைக்குத் தென்னையே! ஓலைக்குப் பச்சைத் தாளை ஐந்து சென்டிமீட்டருக்கு வெட்டி இரு பக்கமும் கத்தரியால் பொடிப்பொடியாகக் கீற வேண்டும். வேப்பமரத்துக்கும் புங்கைக்கும் காய்ந்த பீர்க்கங்காய் நார். பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கினால் இலைக்கொத்து மாதிரியே இருக்கும். வாழை 3 சென்டிமீட்டர். நெல் வயலுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார், வரப்புக்குக் களிமண். புல்தரைக்கு மரத்தூள். மர இழைப்பகத்தில் கேட்டால் சாக்கு நிறைய சும்மாவே தருவார்கள். நைசாகச் சலித்துச் சாயப்பொடியில் கலந்து நிழலில் காய வைக்க வேண்டும். ஒரே பச்சையாகச் செய்யாதீர்கள். கொஞ்சம் காவி, கொஞ்சம் மஞ்சள் கலந்தால்தான் நம் ஊர் வெயில் தெரியும்.

மின்கம்பங்கள் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கம்பத்துக்கு நடுவே நேர்ப்பாதையில் 60, 70 மீட்டர்கூட இருக்கும். மாதிரியில் 60, 70 சென்டிமீட்டர். எங்கள் இரண்டரை மீட்டருக்கு நாலே கம்பம்தான். பிள்ளைகள் பதினைந்து செய்து வைத்திருந்தார்கள், மனம் வராமல் எடுத்தார்கள்.

எல்லாவற்றையும் விகிதப்படி செய்ய முடியுமா? முடியாது, அதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர். அப்படியே வைத்தால் 72 சென்டிமீட்டர். மலைக்கோட்டை 83 சென்டிமீட்டர். பலகையில் வேறெதற்கும் இடம் இருக்காது. கொள்ளிடப் பாலத்தை முழுதாகச் செய்ய ஐந்து மீட்டருக்கு மேல் மேசை வேண்டும். லால்குடிக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதை இருநூறு மீட்டர் மைதானத்தில்தான் விரிக்க முடியும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம். தொட்டுப் பார்க்கிற பொருளுக்கு விகிதம் உண்டு, தூரத்துக்கு விகிதம் கிடையாது. கோபுரத்தையும் மலைக்கோட்டையையும் பின்னால் நிற்கும் சார்ட்டில் மங்கலான நீலச் சாம்பல் நிறத்தில் சிறிதாக வரைந்தோம். தூரத்துப் பொருள் வெளிறித் தெரியும் என்பதை மாணவர்கள் பள்ளி மாடியிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பாலத்துக்கு மூன்றே கண்கள். ஹாம்பர்க்கிலும் தூரத்தைச் சுருக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று இங்கே சிலர் நினைக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. கண்காட்சி என்று அறிவித்தால் நம் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? டவுனில் கடைக்குப் போய், செய்து வைத்த தெர்மாகோல் மாதிரியை வாங்கி வருகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா 450 ரூபாய் கொடுத்து எரிமலை வாங்கி வந்ததை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு எரிமலை பற்றி ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. அதே வகுப்பில் இன்னொரு பையன் கண்காட்சி நாளன்று பள்ளிக்கே வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு விசாரித்தால், கொண்டுவர எதுவும் இல்லையாம். பளபளப்பான மாதிரிக்குத்தான் பரிசு என்று அவன் எப்படித் தெரிந்துகொண்டான்? நாம் பரிசு கொடுப்பதைப் பார்த்துத்தான்.

ஆகவே நடுவராக உட்காரும் நம்மிடமே நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. “இது எந்த அளவில் செய்தது? இதில் ஒரு பொருளைக் காட்டி, நிஜத்தில் அது எவ்வளவு பெரிது என்று சொல்.” இரண்டாவது, “வாங்கியதில் நீ என்ன மாற்றினாய்?” வாங்குவது தவறில்லை. எங்கள் ரயிலும் வாங்கியதுதான். கடையிலிருந்து வந்தபடியே மேசைக்கு வந்ததா, அல்லது பிள்ளையின் கையும் கண்ணும் அதன்மேல் பட்டதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வராமல் போன அந்தப் பையன் இந்த வருடம் ஆறு ரப்பர் ஆட்டோ செய்தான். செலவு ஆறு ரப்பரும் ஒரு மஞ்சள் தாளும். ஆறும் லால்குடி ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் எலுமிச்சம்பழம் தொங்குகிறது, கடுகில் செய்தது. அந்த எலுமிச்சம்பழம் மட்டும் அளவில் கொஞ்சம் கூடுதல்தான். எடுக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

நேரம் பற்றிக் கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை, அது போக வானவில் மன்றத்துக்கு ஒதுக்கிய நேரம். 2022 நவம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் திருச்சி மாவட்டத்தில்தான், ஆகவே நமக்கு அதில் கொஞ்சம் உரிமை அதிகம். ஏழாம் வகுப்பில் ‘நேர் மற்றும் எதிர் விகிதம்’ வரும்போது இந்தப் பலகையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்துகிறேன். தேர்வில் விகிதக் கணக்கை இப்போது யாரும் விட்டுவிட்டு வருவதில்லை. விடை தவறாக வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் 20 மீட்டர் தென்னைக்கு 2 மில்லிமீட்டர் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிடுவான்.

கடைசியாக, பாதுகாப்பு. தெர்மாகோல் பலகை வேண்டாம். விளிம்பு உதிரும், ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் உருகும். பழைய பிளைவுட் போதும், மேடு பள்ளத்துக்குக் காகிதக் கூழ். மைதாப் பசை காய்ச்சினால் பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங் கடைக்காரர்களின் பழக்கம். அது விஷம், அதை ஆசிரியர் மட்டும் கையாள வேண்டும். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, பழைய புடவையால் மூடி, மூலையில் இரண்டு அந்துருண்டை போட்டு வையுங்கள். விடுமுறைக்கு முன் இஞ்சினிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். எங்கள் நான்காவது பலகை புள்ளம்பாடிப் பக்கம் போகிறது. அங்கே வாய்க்கால் ஒன்றைப் பாதை தாண்டும் இடத்தை இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்கள். சாயம் கலந்த மரத்தூள் பச்சையிலும் காவியிலும் என்னிடம் மீதி இருக்கிறது. வேண்டுபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பை நிறையக் கொண்டுவந்து தருகிறேன்.